வாசித்துக் காட்டப்பட்டது

ஜனவரி 5, திங்கள்

நன்கொடை கேட்டு அனுப்பும் ஆண்டு விண்ணப்பப் புத்தகம் அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. முப்பத்திரண்டு பக்கமும் நான் எழுதியதுதான். ஆனாலும் ஒன்பதாம் பக்கத்தைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உப்பளத் தொழிலாளிகளின் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அறக்கட்டளை எங்களுடையது. அந்தப் பிள்ளைகளின் கதையை எழுதி நன்கொடையாளர்களின் மனதைக் கரைப்பது பதினோரு வருடமாக என் வேலை.

ஒன்பதாம் பக்கம் மலரின் கதை. அடியில் பொடி எழுத்தில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று உண்டு. அப்பா உப்பளக் கூலி, சாயங்காலமானால் குடித்துவிட்டு வருவார். அவருடைய செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே மலர் பாடப் புத்தகங்களை அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுவாள், கிழித்துவிடுவார் என்ற பயம். மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறந்தால் தாளுக்கு நடுவிலிருந்து ஓர் அரிசி விழும்.

அந்த அரிசிதான் வேலை செய்கிறது. எங்களுக்கு நன்கொடை தருகிற மகளிர் சங்கத்தின் தலைவி போனில் அழுதேவிட்டார். எங்கள் இயக்குநர் ஞானதுரை சார் பாராட்டு என்றால் தலையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்கிற மனிதர். இன்றைக்கு என் மேஜை வரைக்கும் வந்து, “அந்த அரிசி... எங்கம்மா புடிச்சீங்க செண்பகம்?” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்துபோனேன். நாளைக்கும் மின்சார அடுப்புதான்.

ஜனவரி 8, வியாழன்

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன்.

“மலர் பேசுதேன்” என்றது ஒரு பெண் குரல்.

எந்த மலர் என்று கேட்டேன்.

“நீங்க வச்ச பேருதான் மேடம்.”

பனையடி ஊரின் இசக்கி அது. சுடலைவடிவின் மகள். அப்பா பால்வண்ணன் போன வருடத்துக்கு முந்தின வருடம் இறந்துவிட்டார். நெல்லையில் நர்சிங் முதலாமாண்டு படிக்கிறாள், எங்கள் உதவியில்தான். நேற்று மகளிர் சங்கத்தார் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். உதவி பெறுகிற ஐந்து பெண்களையும் மேடையேற்றி, தலைவியம்மாள் மைக்கில் ஒன்பதாம் பக்கத்தை வாசித்திருக்கிறார். புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள். பெயரை மாற்றினோமே தவிர, அந்தப் பக்கத்தில் இருப்பது வடிவின் படம். ஆஸ்டலுக்கு மாதாமாதம் வந்துபோகிற அம்மாவின் முகம் யாருக்குத் தெரியாது?

“எங்கப்பா குடிப்பாவன்னு யாரு மேடம் சொன்னா?”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வரும், அதில் பழக்கம் உண்டு.

“அம்மா பேச்சுவாக்குல சொல்லியிருப்பாங்கம்மா” என்றேன்.

 “எங்கம்மையா?” என்றாள். வைத்துவிட்டாள்.

புளியோதரை கட்டியிருந்தேன். அப்படியே திரும்பி வந்தது.

ஜனவரி 9, வெள்ளி

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜனவரி 12, திங்கள்

இசக்கி கல்லூரியிலிருந்து கிளம்பிப் போய்விட்டாளாம். ஆஸ்டல் வார்டன், ஞானதுரை சாருக்குப் போன் செய்திருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் திரும்பாவிட்டால் வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாது, ஒரு வருடம் போய்விடும்.

சார் என்னைக் கூப்பிட்டு, “அந்த அம்மா சொன்னதுதான?” என்றார்.

“ஆமா சார்.”

“ஃபாரம் இருக்குல்ல?”

இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ‘என்னைப் பற்றி எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. முழுச் சம்மதத்துடன் கையெழுத்திடுகிறேன்.’ கீழே சு. சுடலைவடிவு. முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து, எழுத்து எழுத்தாக நிற்கிறது. ஆனால் அன்றைக்கு வாசித்துக் காட்ட என்னிடம் ஒரு வரிகூடக் கிடையாது. எழுதியது பத்து நாள் கழித்துத்தான். எங்கள் வழக்கமே அதுதான்: போன அன்றைக்கே பேட்டி, படம், கையெழுத்து மூன்றையும் முடித்துக்கொண்டு வந்துவிடுவது. எழுதி முடித்து மறுபடி வாசித்துக் காட்டப் போவதென்றால் ஒரு முழுநாள் பழுது. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் போனதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஃபாரத்தைப் பார்த்ததில் அந்தச் சேலை ஞாபகம் வந்தது. நான் போனபோது வடிவு மயில்பச்சைச் சேலை கட்டி, முகம் கழுவிப் பவுடர் போட்டு வாசலில் நின்றார். “அவுக கடேசித் தீவாளிக்கு எடுத்துத் தந்தது” என்று முந்தானையைத் தூக்கிக் காட்டினார். நான்தான், “வேலைக்குப் போற சேலை ஒண்ணு கட்டிக்கோங்களேன், இயல்பா இருக்கும்” என்றேன். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். படத்தில் இருப்பது அந்தச் சேலை. உப்புத் தண்ணீரில் வெளுத்தது.

சிரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஜனவரி 14, புதன். போகி

கோவில்பட்டி, அம்மா வீடு. ஒட்டடை அடித்து, பரண் இறக்கி, முதுகு கழன்றுவிட்டது.

அம்மா பரணிலிருந்து பழைய அரிசிப் பானையை உருட்டிக்கொண்டு வந்தாள். “ஏட்டி, வாய் உடைஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுரவா?”

“போட்டுரும்மா” என்றேன்.

“ஏன் இப்படி விழுந்தடிச்சுச் சொல்லுத?”

அப்பாவின் படத்தைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். தாலுகா ஆபீஸ் கிளார்க், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சர்க்கரையில் போனவர். என் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு

பத்து நாளாகத் தள்ளிப்போட்டதை இன்று செய்தேன். பேட்டியின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். நாற்பத்தோரு நிமிடம். பின்னால் கோழி கத்துகிறது. பதினேழாவது நிமிடத்தில் நான், “குடிப்பழக்கம் ஏதும் உண்டா?” என்று கேட்கிறேன். எல்லோரிடமும் கேட்பதுதான். வடிவு சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

“குடியா? அவுகளுக்கு அந்த வாடையே ஆகாது மேடம். எங்க தெருவுல எவனாவது ஒயின்ஷாப்பு வாசல்ல விழுந்து கெடந்தா, அவுகதான் சைக்கிள் கேரியர்ல வச்சி உருட்டிட்டு வந்து வீட்டுல விடுவாவ. அவனுவ வீட்டுப் பொம்பளைய அங்கன போய் நிக்கக் கூடாதும்பாவ. கிட்னி கெட்டு, காலு வீங்கிக் கெடக்கையிலயும் ஒரு நாளு போனாவ. ஏசுனேன்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

அதற்கு என் குரல்: “சரி சரி, அது இருக்கட்டும். கஷ்டம்னு ஏதாவது சொல்லுங்க.”

மூன்று முறை கேட்டேன். என் குரலைத்தான். எவ்வளவு அன்பாகப் பேசுகிறேன்.

ஆக, அவர் பேச்சுவாக்கில்கூடச் சொல்லவில்லை. சொன்ன மாதிரி ஞாபகம் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டிருந்தது பொய். எழுத உட்கார்ந்தபோதே தெரியும். பொறுப்பான அப்பா, சிறுநீரகம் கெட்டு இறந்தார் என்றால் படிப்பவர்கள் ‘பாவம்’ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். குடிகார அப்பா என்றால் நிற்பார்கள். நிற்க வைத்தேன். செத்தவர் வந்து கேட்கவா போகிறார் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப்போகிறார்கள்.

பானை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதுவதாக இல்லை.

ஜனவரி 19, திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னார். கோபப்படுவார் என்று பார்த்தால் களைத்துப்போனவர் மாதிரி உட்கார்ந்தார்.

“அடுத்த பதிப்புல எடுத்துருவோம். ஒரு பத்திதான.”

“அந்தப் பொண்ணு அம்மா மேல பழியப் போட்டுட்டு வீட்டுல கிடக்கா சார். நான்தான் போட வச்சேன்.”

“போய்ப் பாருங்க, சமாதானம் சொல்லுங்க. ஆனா வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா சங்கத்துக்காரங்க எல்லாக் கதையையும் சந்தேகப்படுவாங்க. இன்னும் இருபத்தாறு பிள்ளைங்க இருக்கு செண்பகம். அதுகள நினைச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்த்தேன். அதில் எத்தனை கதையில் நான் கை வைத்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைப்பு ஓடியது. வேளைக்கொரு தைரியம் எனக்கு. வெளியே வரும்போது சார் சொன்னது சரி என்றே பட்டது.

ஜனவரி 21, புதன்

பனையடிக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி உப்பளத்து வரப்பில் ஒன்றரை மைல். வெயிலில் பாத்தி கண்ணைக் கூசியது. புத்தகத்தைப் பைக்குள் வைத்திருந்தேன்.

ஒரே அறைதான் வீடு. இசக்கி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வடிவு என்னைக் கண்டதும், “வாங்க” என்றார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. இந்த ஊரில் இதுவரை ஒரு வீட்டிலும் கலர் சோடா வாங்கித் தராமல் என்னை அனுப்பியதில்லை. அதை எதிர்பார்த்துத்தான் நின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“எழுதினத வாசிச்சுக் காட்ட வந்திருக்கேன்” என்றேன்.

“இப்பமா?”

“இப்பதான்.”

நின்றபடியே வாசித்தேன். மைக்கில் கேட்டால் அழ வைக்கிற பக்கம், அந்த அறையில் என் வாயிலிருந்து வரவே இல்லை. ‘கிழித்துவிடுவார் என்ற பயம்’ என்ற இடத்தில் இசக்கி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முடித்ததும், வந்த தைரியம் போய்விடுவதற்குள், சொன்னேன்: “இசக்கி, இதுல ஒரு வார்த்தைகூட உங்கம்மா சொல்லல. அப்பா குடிக்கவே மாட்டாங்க, குடிச்சவங்களைக் கூட்டிட்டு வருவாங்கன்னுதான் சொன்னாங்க. நான் எழுதினது பொய். அன்னைக்கு உங்கிட்ட போன்ல சொன்னதும் பொய்.”

ஒலிப்பதிவைப் போட்டேன். ‘அது இருக்கட்டும்’ என்கிற என் குரல் வரைக்கும் நிறுத்தாமல் ஓடவிட்டேன். அந்த இடத்தில் வெட்கம் காது வரைக்கும் சுட்டது. நிறுத்தியிருக்கலாம்.

வடிவு என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் பேசினார். “பன்னெண்டு நாளு. சோறு வச்சா தின்னுதா, தட்டக் கழுவி வைக்கா, என்ட்ட ஒரு வார்த்தை பேசல. ‘அப்பாவ வித்துட்டியே’ன்னா. அம்புட்டுத்தான் பேசுனா. நான் சொல்லவே இல்லன்னேன். மேடம் பொய் சொல்லுவாவளாங்கா.”

இசக்கி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. வடிவு பக்கத்தில் போய் உட்கார்ந்தார், தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்தான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து முகத்தைத் துடைத்தது.

பிறகு வடிவு கேட்டார். “எங்க வீட்டுல ஏது மேடம் அரிசிப் பானை? ரேசன் அரிசி சாக்குலதான் கெடக்கும், அங்கன பாருங்க. பொஸ்தகத்த ஒளிக்க, தாளுக்குள்ள அரிசி விழ... பாத்தவுக எழுதுன மாதிரில்லா இருக்கு. இது யாரு வீட்டுப் பானை?”

கையிலிருந்த புத்தகத்தை மூடினேன்.

“எங்க வீட்டுது” என்றேன்.

“உங்கப்பாவா?”

“ஆமா. எங்கப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு.”

எதற்கு அதைச் சொன்னேன்? யார் கேட்டார்கள்? கூலிக்காரர் இல்லை, கிளார்க் என்று தெரியட்டும் என்றா? அந்த நிலைமையிலும் அது நாக்கில் முந்திக்கொண்டு வந்தது.

“அப்ப உங்கப்பா பேரப் போட்டு எழுதியிருக்கலாமே” என்றாள் இசக்கி. திட்டுகிற மாதிரி இல்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். வடிவு அதைக் கையால் தள்ளினார். “எனக்கு எதுக்கு? மைக்குல சொன்னத மைக்குலயே மாத்திச் சொல்லுங்க. இவ கூட்டாளிப் பிள்ளைய கேக்கணும். கேட்டாத்தான் இவ திரும்பிப் போவா.”

ஜனவரி 22, வியாழன்

அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பாவைப் பற்றி, நம் வீட்டு விஷயமாக, நாலு பேர் முன்னால் நான் பேச வேண்டியிருக்கிறது, பேசட்டுமா என்று கேட்டேன். விளக்கிச் சொன்னேன்.

“வேண்டாம்ட்டி” என்றாள். “இருவத்திரண்டு வருசமா சக்கரை சக்கரைன்னு சொல்லி ஒப்பேத்தியாச்சு. அந்த மனுசன் பண்ணினதெல்லாம் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் என் புருசன். நான் கண்ண மூடுத வரைக்கும் நீ வாயத் திறக்காத.”

“சரிம்மா” என்றேன். ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. பேசத் தோன்றவும் இல்லை.

பிறகு, கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. கேட்டேன், வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். அவ்வளவுதான் அதற்கு ஆகிற நேரம். பதினோரு வருடத்தில் யாருடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் நான் இடமே வைத்ததில்லை. அழுகை வந்தது. கறிவேப்பிலையைச் சாக்காகச் சொல்ல முடியாது, வெங்காயமாவது உரித்திருக்கலாம்.

ஜனவரி 23, வெள்ளி

இருபத்தாறாம் தேதி கல்லூரியில் கொடியேற்றம். சங்கத்தாரும் வருகிறார்கள். இரண்டு நிமிடம் கொடுக்கிறேன் என்றார் வார்டன். சாரிடம் சொன்னேன். வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “லீவு போட்டுட்டுப் போங்க. நான் அனுப்பினதா இருக்க வேண்டாம். வந்தப்புறம் உங்க வேலையப் பத்திப் பேசுவோம்.”

லீவு கடிதம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

மறுபடி பனையடி. எழுதிக்கொண்டு போனதை வாசித்துக் காட்டினேன். ஃபாரத்தையும் நீட்டினேன்.

“மொதல்ல வாசிங்க. கையெழுத்து பொறவு” என்றார் வடிவு.

இரண்டு இடத்தில் நிறுத்தினார். ‘ஏழைக் குடும்பம்’ என்று எழுதியிருந்தேன். “அது எதுக்கு? பாத்தா தெரியாதா?” அடித்தேன். ‘குடித்துவிட்டு விழுந்தவர்களை வீடு சேர்த்தவர்’ என்பதில் யார் பேரும் வரக் கூடாது என்றார். “அவன் பொண்டாட்டிக்கும் ஒரு மானம் இருக்குல்லா.” அப்படி யார் பெயரும் நான் எழுதவில்லை. இருந்தும் அவர் சொல்லும்வரை அந்தப் பெண்கள் என் நினைப்பிலேயே இல்லை.

மூன்றாம் தடவை வாசித்து முடித்ததும் பேனாவை வாங்கினார். சு போட்டு, புள்ளி வைத்து, நிதானமாக எழுதினார். எழுதுவதை முதல்முறையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்குத் தண்ணீர் கொடுத்தார். கலர் இல்லை.

ஜனவரி 26, திங்கள்

வடிவு மயில்பச்சைச் சேலையில் வந்திருந்தார். பவுடர். இசக்கி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஆஸ்டல் பை.

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, என்னைக் கூப்பிட்டார்கள். வாசித்தேன். “ஒன்பதாம் பக்கத்தை எழுதியது நான், செண்பகவல்லி. அதில் வரும் தகப்பனார் பெயர் பால்வண்ணன். அவர் குடித்ததே இல்லை. குடித்து விழுந்தவர்களைத் தன் சைக்கிளில் வைத்து வீடு சேர்த்தவர். நான் எழுதியது பொய். அவருடைய மனைவி அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னதை நான் கேட்டேன், கேட்டும் எழுதவில்லை.” இவ்வளவுதான்.   பால்வண்ணன் என்ற பெயரைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். வடிவு நேராக உட்கார்ந்திருந்தார்.

முன்வரிசையில் தலைவியம்மாளின் முகம் சிவந்துவிட்டது. “நான் ஊரெல்லாம் வாசிச்சேனேம்மா. அப்ப அந்த அரிசிப் பானை? அதுவும் கட்டுக்கதையா?”

ஆமாம் என்று சொல்லி இறங்கியிருக்கலாம். இன்னொரு பொய்யில் தீர்ந்திருக்கும்.

“இல்லம்மா, அது நடந்தது. வேற ஒரு வீட்டுல. யார் வீடுன்னு சொல்ல எனக்குச் சம்மதம் கிடைக்கல.”

“யாரு குடுக்கல?”

“அந்த வீட்டு அம்மா.”

மேடையை விட்டு இறங்கினேன். கைதட்டல் இல்லை, நல்லவேளை. பின்வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வந்து, இசக்கியின் பையை ஆளுக்கொரு காதாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்டல் பக்கம் நடந்தார்கள். ஒருத்தி ஏதோ கேட்டாள். “ஆமா, ஒருக்கா பக்கத்தூரு வரைக்கும் உருட்டிட்டுப் போனாவ” என்று இசக்கி சொல்லிக்கொண்டு போவது எனக்குக் கேட்டது.

நான் வாசல் பக்கம் ஒதுங்கி நின்றேன். வடிவு தேடிக்கொண்டு வந்தார். இன்னும் கோபம் தீரவில்லை, முகத்தில் இருந்தது. தன் போனை நீட்டினார்.

“எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுங்க. சேலை முழுசாத் தெரியணும்.”

மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எப்படி நிற்க வேண்டும் என்று நான் எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே நின்றார்கள், அவர்களாகவே சிரித்தார்கள். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நல்ல படம். பதினோரு வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

எனக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை.